சின்னக்கண்ணுவின் படகும் இரண்டு மாட்டு மணிகளும்

1961ஆம் வருஷம், மாசி மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் மத்தியானம். கொடைக்கானலிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றி இறங்கிய லாரி ஒன்று செவ்வல்பட்டி மேட்டுக் காலனி முன்னால் வந்து நின்றது. மூட்டைகளுக்கு மேலே ஒரு படகு குப்புறப் படுத்திருந்தது. பச்சை வர்ணம், ஓரத்தில் வெள்ளைக் கோடு. அதை ஒரு கையால் அணைத்தபடி சின்னக்கண்ணு உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தன்றுகூட அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பெருமையைப் பார்த்ததில்லை என்று அவர் பெண்டாட்டி பேச்சாயி பிற்பாடு பலரிடம் சொன்னாள்.

ஊர் கூடிவிட்டது. டீக்கடை தங்கமுத்து படகைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, மோந்தும் பார்த்தார்.

"என்னப்பு இது, மாட்டுத் தொட்டியா?"

"படகு."

"அது தெரியுது. இத வச்சு என்ன செய்யப் போறே, உழப் போறியா?"

"ஆமா, உழத்தான் போறேன்" என்றார் சின்னக்கண்ணு. எல்லாரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்கே அப்போது தெரியாது.

சின்னக்கண்ணுவைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் கரிசல் இருந்தது. பதினாலு வயதில் மேழி பிடித்தவர். அவர் உழுத சாலில் நூல் பிடித்துப் பார்க்கலாம் என்பார்கள். அதை அவரும் சொல்வார், கொஞ்சம் அதிகமாகவே சொல்வார். "என் காட்டுல ஒரு கல்லு எடுத்துக் காட்டு, மீசைய எடுத்துருறேன்" என்று சந்தையில், பஸ்ஸில், சாவு வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார். 1956இல் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். சின்னக்கண்ணுவின் மூன்று ஏக்கரும், அதை ஒட்டி இருந்த பெரியகருப்பனின் நாலு ஏக்கரும், இன்னும் பலரின் நிலங்களும் முங்கின. மாற்றாக மேட்டில் நிலம் கொடுத்தார்கள். அங்கே கொள்ளு விதைத்தால் கொள்ளும் கல்லும் சரிபாதி விளையும். ஒரு வருஷம் பார்த்துவிட்டு மாடுகளை விற்றார் சின்னக்கண்ணு. மாட்டோடு மணியைக் கொடுக்க மனசு வராமல் இரண்டு கழுத்து மணிகளையும் அவிழ்த்து வைத்துக்கொண்டார். அப்புறம் கொடைக்கானல் லாரியில் சுமை ஏற்றும் வேலைக்குப் போனார்.

அங்கேதான் பார்த்தார். ஏரியில் ஒரு துரை தனியாகத் துடுப்புப் போட்டுப் போகிறார். படகின் பின்னால் நீளமாக ஒரு கயிறு தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே வருகிறது. கயிற்றின் நுனியில் தேக்கரண்டியின் தலையை வெட்டிச் செய்த ஒரு தகடு, அதன் அடியில் தூண்டில் முள். படகு போகப் போகத் தகடு தண்ணீருக்குள் சுழன்று மின்னுகிறது. சின்ன மீன் ஓடுகிறது என்று நினைத்துப் பெரிய மீன் பாய்ந்து கவ்வுகிறது. சின்னக்கண்ணு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அதையே பார்த்தார். கலப்பை போகிற மாதிரிதானே போகிறது என்று தோன்றியது. அந்த ஏரியைப் போல நாலு மடங்கு தண்ணீர் அவர் ஊரில் சும்மா கிடந்தது. அதில் வாளை மீன்கள் பன்றி மாதிரி கொழுத்துக் கிடந்தன. இரண்டு வருஷம் கழித்து அந்தத் துரை பங்களாவைக் காலி செய்தார். சாமான் கட்டிய கூலிக்குப் பதிலாகச் சின்னக்கண்ணு படகைக் கேட்டார், துரையும் கொடுத்துவிட்டார்.

படகு வந்துவிட்டது, அனுமதி வேண்டுமே. மீன் இலாகா வருஷா வருஷம் அணையில் கெண்டைக் குஞ்சு விட்டது. விட்டதில் பாதியை வாளை தின்றது. அணை முழுவதையும் தன் வலைக்கே விட வேண்டும் என்று வெளியூர்க் குத்தகைக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் நியாயமான ஆள். சின்னக்கண்ணுவிடம் ஒரு கணக்குச் சொன்னார். பங்குனி மாதம் முப்பது நாள். வலை கூடாது, தூண்டில் மட்டும். கெண்டையைத் தொடக் கூடாது, வாளை மட்டும். முப்பது நாளில் இருபத்தைந்து வாளை பிடித்துக் காட்டினால் நிரந்தரப் பெர்மிட். இல்லையென்றால் சித்திரை முதல் தேதியிலிருந்து தண்ணீர் முழுக்க வலைக்காரருக்கு.

பேச்சாயியின் தம்பி மதுரையில் ஒரு மில்லில் இருந்தான். மாமனுக்கு அங்கே பஞ்சு கூட்டும் வேலை சொல்லி வைத்திருந்தான். பெர்மிட் கிடைக்காவிட்டால் சித்திரையில் வீட்டைப் பூட்டிவிட்டு மதுரைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. வயது நாற்பத்து மூன்று. கூரைக்கு அடியில் ஒரு நாள் முழுக்க வேலை செய்து பழகாத உடம்பு. சின்னக்கண்ணுவுக்குப் பயமாக இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சாயிக்குச் சொல்லாமலே தெரியும்.

பதினைந்து நாளில் படகு தயாரானது. பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி அடைத்தார். அடிப்பக்கம் தார் பூசினார். படகின் இருக்கைகளில் இருந்த மெத்தைகளைப் பிய்த்துத் தலையணை ஆக்கிக்கொண்டார். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஆளுயர மூங்கில் கழி ஒவ்வொன்றைச் சாய்த்துக் கட்டினார், இரண்டு கயிறும் ஒன்றோடொன்று சேராமல் தள்ளி ஓட வேண்டும் என்பதற்காக. திண்டுக்கல் நாகல் நகரில் பூட்டுச் செய்யும் பட்டறையில் கழிவாக விழுந்த பித்தளைத் தகடுகளைப் பொறுக்கி வந்து, வேப்பிலை அளவுக்கு வெட்டி, நடுவில் லேசாகக் குழி தட்டி, புளி போட்டுத் துலக்கினார். பத்து இலைகள் தேறின. சுழலும்போது கயிறு முறுக்கிக்கொள்ளுமே என்று யோசித்து, கன்றுக்குட்டிக் கயிற்றின் நடுவில் போடுகிற சுழல் வளையத்தை அதே பட்டறையில் சின்னதாகச் செய்து வாங்கினார். மீன் கவ்வினால் தெரிய வேண்டாமா? விற்ற மாடுகளின் மணிகளை எடுத்து இடது கழியில் ஒன்று, வலது கழியில் ஒன்று கட்டினார். படகு அசைந்தபோது அவை குலுங்கின. பேச்சாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

எல்லாம் சரி, ஒன்றில் மட்டும் கோட்டை விட்டார். துடுப்புப் படகில் துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். சின்னக்கண்ணுவுக்கு அது பொறுக்கவில்லை. "மாட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு எவனாவது உழுவானா?" என்று பலகையைப் பெயர்த்துத் திருப்பி அடித்து, முன்னால் பார்த்தபடி துடுப்பைத் தள்ளித் தள்ளி ஓட்டினார். அரை மணி நேரத்தில் தோள் இற்றுப்போனது. பின்னால் கயிறு எப்படி வருகிறது என்றும் தெரியவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொள்ளப் பேச்சாயி பின்பலகையில் உட்கார்ந்திருந்தாள். கரை வந்ததும் சால் முடிந்த இடத்தில் மாட்டைத் திருப்புகிற மாதிரி படகைச் சட்டென்று மடக்கினார். உள்பக்கக் கயிறு தொய்ந்து, வெளிப்பக்கக் கயிறு அதன் மேல் ஏறி, இரண்டும் சடை பின்னிக்கொண்டன. மணிகள் இரண்டும் சேர்ந்து அடித்தன.

"ரெண்டு மீனு!" என்று கத்தினார் சின்னக்கண்ணு.

"மீனு இல்ல. நீங்க உழுத லட்சணம்" என்றாள் பேச்சாயி. சிக்கெடுக்க அரை நாள் ஆனது.

மறுநாள் பலகையைப் பழையபடி திருப்பி அடித்தார். பின்னால் பார்த்து உட்கார்ந்தால்தான் கயிறுகள் கண்ணெதிரே இருக்கும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. வளைவும் அகலமாக, ஏழெட்டுச் சால் இடம் விட்டுத் திருப்பப் பழகினார். மெதுவாகப் போனால் இலை ஆழத்துக்கு இறங்கும், வேகமாக இழுத்தால் மேலே ஏறும் என்பதும் பிடிபட்டது. முதல் வாளை ஐந்தாம் நாள் விழுந்தது. முழங்கையைப் போல ஒன்றரை மடங்கு நீளம். ஷட்டரைக் காக்கும் லஸ்கர் சோலைமுத்து மதகுச் சுவரில் கரியால் ஒரு கோடு கிழித்தார். இன்ஸ்பெக்டர் வந்து எண்ணப் போவது அந்தக் கோடுகளைத்தான்.

பத்து நாள் முடிந்தபோது கோடு நாலு. போன பித்தளை இலை ஐந்து. அடியில் என்ன கிடக்கிறது என்பதுதான் பிரச்சினை. தன் காடு சின்னக்கண்ணுவுக்கு அத்துப்படி. மலை மடிப்பையும் மேட்டுப் பனையையும் அடையாளம் வைத்து, இங்கே வரப்பு, இங்கே கிணறு என்று சொல்லிவிடுவார். ஆனால் வாளைகள் கிடந்தது வடக்கே, பெரியகருப்பனின் காட்டில். அங்கே கற்றாழை வேலி இருந்தது, வெட்டாமல் விட்ட இலந்தை மரங்கள் இருந்தன, கல் கட்டிய கிணறு இருந்தது. நாலு இலை அங்கேதான் மாட்டி அறுந்தது. ஐந்தாவது அறுந்தது சின்னக்கண்ணுவின் காட்டுக்குள்ளேயே, நட்ட நடுவில்.

"நம்ம காட்டுல ஏது கல்லு?" என்றாள் பேச்சாயி, அறுந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டே.

சின்னக்கண்ணு எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு இரவுச் சோற்றோடு பேச்சாயி சொல்லிவிட்டாள். "நான் படகுல உக்காந்தா மீன நாகல் நகர் மார்க்கெட்டுக்குக் கொண்டு போக ஆளில்ல. எனக்கு அந்தக் காடும் தெரியாது. தெரிஞ்ச ஆளக் கூப்பிடுங்க."

"யாரு?"

"யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"செத்தாலும் கூப்பிட மாட்டேன்."

பெரியகருப்பனும் சின்னக்கண்ணுவும் ஒரு காலத்தில் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுத் திரிந்தவர்கள். முறையும் அதுதான். இரண்டு காட்டுக்கும் நடுவில் வரப்பு, வரப்பின் மேல் முழங்கால் உயரத்துக்கு ஒரு எல்லைக்கல். 1950இல் தைப்பூசம் முடிந்து பெரியகருப்பன் பழனியிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் கல்லைக் காணோம். வரப்பு மூன்று சால் அகலத்துக்கு அவர் பக்கம் நகர்ந்திருந்தது. கேட்டதற்கு, "கல்லா? இங்க கல்லே கெடையாதே" என்றார் சின்னக்கண்ணு. பஞ்சாயத்து நடந்தது, அப்புறம் கோர்ட். கோர்ட்டிலும் சின்னக்கண்ணு அதையே சத்தியம் செய்து சொன்னார். பெரியகருப்பன் கல் இருந்தது என்றார்; காட்டு என்றால் காட்டக் கல் இல்லை. வாய்தா மேல் வாய்தாவாக ஐந்தாறு வருஷம் போனது. அப்புறம் அணை வந்து இரண்டு காட்டையும் விழுங்கியதோடு வழக்கும் முங்கிப் போனது. பேச்சு மட்டும் திரும்ப வரவில்லை. பதினோரு வருஷம்.

ஆனால் பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை. மறுநாள் குழாயடியில் பேச்சாயி, பெரியகருப்பனின் பெண்டாட்டி ஒச்சாயியிடம் விஷயத்தைச் சொன்னாள். ஒச்சாயி வீட்டில் போய்ச் சொன்னாள். அதற்கும் மறுநாள் விடிந்து சின்னக்கண்ணு கரைக்குப் போனபோது, படகின் பின்பலகையில் பெரியகருப்பன் உட்கார்ந்திருந்தார். துண்டைத் தலையில் கட்டி, கயிறுகளைப் பிரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஏறிட்டுப் பார்க்கவில்லை. சின்னக்கண்ணு செத்த நேரம் நின்றார். பெர்மிட்டை நினைத்தார், மில்லை நினைத்தார், ஏறித் துடுப்பை எடுத்தார்.

வேறு இடமாக இருந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம். இந்தப் படகில் அது நடக்காது. துடுப்புப் போடுகிறவர் பின்னால் பார்த்து உட்கார வேண்டும், கயிறு பிடிக்கிறவர் பின்பலகையில் இருக்க வேண்டும். முழங்காலோடு முழங்கால் இடிக்க, முகத்துக்கு நேராக முகம், காலையிலிருந்து வெயில் ஏறும்வரை. பேசாதவர்கள் ஊரில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் ஆட்டைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ சொல்வார்கள். இங்கே ஆடும் இல்லை, சுவரும் இல்லை. முதலில் பெரியகருப்பன்தான் வழி கண்டுபிடித்தார். இடது கழியில் தொங்கிய மணியைப் பார்த்துச் சொன்னார்.

"ஏ மணி, இன்னும் ரெண்டு பாகம் தெக்க ஒதுங்கச் சொல்லு. கத்தாழை வேலி வருது."

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம்; சின்னக்கண்ணு அந்தக் கணக்குக்கு ஒதுங்கினார். பிறகு வலது மணியைப் பார்த்து, "ஏ மணி, வேலி முடிஞ்சாச் சொல்லச் சொல்லு" என்றார்.

இப்படியே ஓடியது. பெரியகருப்பனுக்குத் தன் காடு விரல் விரலாக ஞாபகம் இருந்தது. எந்த இலந்தை மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது வரைக்கும் மணியிடம் சொன்னார். கிணற்று விளிம்பை உரசாமல் இலையைக் கொண்டுபோனபோது ஒரே நாளில் மூன்று வாளை விழுந்தன. லஸ்கர் சோலைமுத்து மதகின் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு மணியோடு பேசிக்கொண்டு போவதை அவர் தன் பெண்டாட்டியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை, கூட்டி வந்து காட்டினார்.

பங்குனி இருபத்தைந்தில் கோடு இருபத்தொன்று. பிறகு தடுமாற ஆரம்பித்தது. தினமும் ஓட்டி ஓட்டிப் பெரியகருப்பனின் காட்டில் மீன் உஷாராகிவிட்டது. நாலு நாள் அலைந்ததில் இரண்டே இரண்டு விழுந்தன. மிச்சமிருந்தது சின்னக்கண்ணுவின் காடு. அங்கே வாளை இருப்பது இருவருக்கும் தெரிந்தது. காட்டின் நடுவில், ஓரிடத்தில், நீர் மட்டத்துக்கு வந்து வாலால் அடித்துவிட்டுப் போயின. அந்த இடம் வரும்போதெல்லாம் சின்னக்கண்ணுவின் துடுப்பு நாலு இழுப்பு வேகமாக விழும். இலைகள் மேலே ஏறிவிடும். தரையோடு கிடக்கிற வாளைக்கு அது தெரியாது. அந்த இடத்தில் ஒரு மீன்கூடக் கவ்வவில்லை.

பெரியகருப்பன் அதை மூன்று நாளாகக் கவனித்தார். நாலாம் நாள் மணியிடம் கேட்டார்.

"ஏ மணி, இந்த எடத்துல மட்டும் எதுக்கு இம்புட்டு வேகம்?"

"ஏ மணி, காத்து எதிர்க்குதுன்னு சொல்லு."

தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. பெரியகருப்பன் வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

"ஏ மணி, அவுக காட்டுல கல்லுன்னா என்னன்னே தெரியாதும்பாகளே. பொறகு என்னத்துக்குப் பயப்படுறாகளாம்?"

சின்னக்கண்ணு வலது மணியைப் பார்த்தார். துடுப்பை இன்னும் இரண்டு இழுப்பு வேகமாகப் போட்டார்.

அங்கே கிடந்தது அந்த எல்லைக்கல். அன்றைக்குத் தைப்பூசத்தில் ஊர் முக்கால்வாசி பழனிக்குப் போயிருந்தது. பட்டப்பகலில் மாட்டைப் பூட்டி, கல்லைச் சங்கிலி போட்டு இழுத்து வந்து, தன் காட்டின் நடுவில் இருந்த குப்பைக்குழிக்குள் தள்ளி எருவால் மூடினார் சின்னக்கண்ணு. மூன்று சால் மண்ணுக்கு ஆசைப்பட்டார். வேறு காரணம் இல்லை. ஒரு வாரத்தில் மனசு உறுத்தியது. ஆனால் அதற்குள் "கல்லே கெடையாதே" என்று நாலு பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. சொன்னதைத் திரும்ப வாங்க அவருக்குத் தெரியவில்லை. அணைத் தண்ணீர் எருவையும் மண்ணையும் அரித்துவிட்டது. இப்போது கல் ஒரு பக்கம் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பேச்சாயியோடு வந்தபோது இலை அறுந்த அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பங்குனி முப்பது. மதகுச் சுவரில் கோடு இருபத்து மூன்று. இரண்டு குறைந்தது. மத்தியானம் இன்ஸ்பெக்டர் வருவார். வீட்டில் பேச்சாயி பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். படகில் மீந்திருந்த இலைகள் இரண்டே இரண்டு. ஒவ்வொரு கயிற்றிலும் ஒன்று. விடிந்ததிலிருந்து பெரியகருப்பனின் காட்டை நாலு தரம் சுற்றியும் மணி வாயைத் திறக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

சின்னக்கண்ணு படகைத் தன் காட்டுக்குத் திருப்பினார். வழி மூன்றுதான். வேகமாக இழுத்தால் இலை தப்பும், மீன் இல்லை. மெதுவாகப் போனால் மீன் வரலாம், ஆனால் இலை கல்லில் மாட்டி அறுந்துவிடும். இரண்டும் வேண்டாமென்றால், இலை கல்லைத் தொடுகிற நேரத்தில் பின்னால் இருப்பவர் கயிற்றைத் தூக்க வேண்டும். அதற்கு அவரிடம் சொல்ல வேண்டும்.

மலை மடிப்பும் மேட்டுப் பனையும் ஒரு கோட்டில் வந்தன. படகு கல்லைத் தாண்டியது. கயிறு பதினைந்து பாகம் நீளம். எட்டு இழுப்புக்குப் பிறகுதான் இலை அந்த இடத்துக்கு வரும். சின்னக்கண்ணு மெதுவாக இழுத்தார். ஒன்று. இரண்டு. பெரியகருப்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று. நாலு. இன்றைக்குத் துடுப்பு வேகம் எடுக்கவில்லை என்பதைப் பெரியகருப்பன் கண்டுகொண்டார். ஐந்து. சின்னக்கண்ணுவுக்கு மில்லின் கூரை ஞாபகத்துக்கு வந்தது. கோர்ட்டில் கையை உயர்த்திச் சத்தியம் செய்தது ஞாபகத்துக்கு வந்தது. ஆறு. ஏழு. மணியைப் பார்த்துச் சொல்ல நேரமில்லை.

"மாப்ளே, தூக்கு! எடது கயித்தத் தூக்கு! ஒன் கல்லு கெடக்கு அங்க!"

கயிறு மேலே போனது. கத்தி முடிப்பதற்குள் போய்விட்டது. பெரியகருப்பனின் கை முதலிலிருந்தே அதில்தான் இருந்தது. மூன்று இழுப்பு பொறுத்து, கயிற்றைத் தளர விட்டார். இலை கல்லுக்கு அந்தப் பக்கம் இறங்கியிருக்கும். இடது மணி ஒரு தரம் அசைந்தது. அப்புறம் விடாமல் அடிக்க ஆரம்பித்தது.

வாளையைப் படகுக்குள் இழுத்துப் போட இருவருக்கும் மூச்சு வாங்கியது. பதினைந்து ராத்தல் இருக்கும். அது அடங்கிய பிறகு சின்னக்கண்ணு துடுப்புகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே கிடந்ததைச் சொல்லிவிட்டால் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தார். லேசாகவில்லை. பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் அந்தப் படகில் இடமில்லை.

பெரியகருப்பன் முள்ளைக் கழற்றி, இலையை வேட்டி முனையில் துடைத்தார்.

"எத்தன பாகத்துல கெடக்கு?"

மணியைப் பார்த்துக் கேட்கவில்லை.

"மூணு பாகம். குப்பக்குழிக்குள்ள போட்டேன். மண்ணு அரிச்சுக் கெளம்பிருச்சு."

"எப்பப் போட்டே?"

"தைப்பூசத்தன்னிக்கு. நீ காவடி எடுத்துப் பழனிக்குப் போயிருந்தே."

பெரியகருப்பன் தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். "ஒனக்கும் சேத்து ஒரு டப்பா பஞ்சாமிர்தம் வாங்கியாந்தேன் அன்னிக்கு. கொடுக்கலாம்னு காட்டுக்கு வந்தா, கல்லக் காணோம்."

சின்னக்கண்ணு, "அத என்ன செஞ்சே?" என்று கேட்டார். எதற்குக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

"என்ன செய்ய? நானே தின்னேன்" என்றார் பெரியகருப்பன். "ஒச்சாயி வந்து சொன்னதும் நான் எதுக்கு வந்தேன்னு நெனச்சே, மீனுக்கா? அந்தக் கல்லு எங்கதான் போச்சுன்னு தெரியாமச் சாகக் கூடாதுன்னு வந்தேன். மொத நாளு இந்த எடத்துல நீ இழுத்த இழுப்புலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீயாச் சொல்றியான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பிறகு கயிற்றைத் தண்ணீரில் விட்டார். "படகத் திருப்பு. இன்னும் ஒண்ணு வேணும்ல. அகலமாத் திருப்பு, மாட்ட மடக்குற மாதிரி மடக்கிராதே."

இருபத்தைந்தாவது வாளை அதே இடத்தில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் மதகுச் சுவரின் கோடுகளை இரண்டு தரம் எண்ணினார். பெர்மிட்டில் யார் பெயர் எழுத என்று கேட்டபோது சின்னக்கண்ணு இரண்டு பெயரையும் சொன்னார், பெரியகருப்பன் பெயரை முதலில். அன்றைக்குச் சாயங்காலம் நாலு பேர் இருந்த டீக்கடையில், கல் இருந்தது, எடுத்தது நான்தான் என்று தங்கமுத்து முன்னால் சொன்னார். தங்கமுத்து அவர் மீசையையே பார்த்தார். மறுநாள் மீசை இல்லாமல்தான் படகேறினார். பேச்சாயி சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை அடுக்கிவிட்டுத் தம்பிக்கு ஒரு கார்டு போட்டாள்.

1965இல் மழை பொய்த்தது. அடுத்த கோடையில் அணை வற்றி, இரண்டு காடுகளும் சேறும் வெடிப்புமாக வெளியே வந்தன. நடுவில் அந்தக் கல். அதில் பாசி பிடித்து, அறுந்த பித்தளை இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கடப்பாரையோடு போனார்கள். "எங்க இருந்துச்சுன்னு நீதான் காட்டணும்" என்றார் சின்னக்கண்ணு. பெரியகருப்பன் அளக்கவில்லை, கொள்ளவில்லை. வரப்பு இருந்த தடத்தில் நடந்து போய் ஓரிடத்தில் குதிகாலை ஊன்றினார். "இங்க." அங்கேயே குழி தோண்டிக் கல்லை நட்டார்கள்.

லஸ்கர் சோலைமுத்து பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "ஏய்யா, நாளைக்குத் தண்ணி வந்தா முங்கிப் போற எடம். இதுக்கு எதுக்கு எல்லக்கல்லு?"

"மீன் ஒதுங்கும்" என்றார் பெரியகருப்பன்.

ஐப்பசியில் தண்ணீர் வந்து கல்லை மூடியது. மீன் ஒதுங்கத்தான் செய்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அந்தப் படகு அங்கே ஓடியது. கல் கிடக்கிற இடம் வரும்போது, சின்னக்கண்ணு துடுப்பை மெதுவாக்கி, "மாப்ளே, தூக்கு" என்பார். சொல்லத் தேவையே இல்லை. பெரியகருப்பனின் கை அதற்கு முன்பே கயிற்றில் இருக்கும். ஆனாலும் அவர் சொல்கிற வரைக்கும் பெரியகருப்பன் தூக்க மாட்டார்.